பச்சை கேட் வீட்டை விசாரித்தோம்

மறைந்த எழுத்தாளர்களின் வீடுகளைத் தேடிப் போகிறவர்களில் ஒரு சாரார் வாசலில் நின்று படம் பிடித்து, அங்கேயே வாட்ஸப்பில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் படம் பிடிக்காமல் திரும்பி வந்து, பிடித்தவர்களைக் குறை சொல்வார்கள். நான் குறை சொல்கிற கட்சி.

நான் தேடிப் போனவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோவையில் புத்தகம் படிக்கிற யாருக்கும் தெரிந்த பெயர்தான். சொந்த வீடு என்று ஒன்று கட்டாமல், இந்த ஊரிலேயே வாடகை வீடு மாற்றி மாற்றி வாழ்ந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த வீடுகளையும் அவர் வழக்கமாகப் போய் உட்கார்ந்த இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். அவர் பேப்பர் படித்த வாசகசாலை இப்போது பிசியோதெரபி சென்டர். நண்பர்களோடு படம் பார்த்த தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. இதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அவரே பழசைப் பற்றிப் புலம்பியவர் இல்லை.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே போனாலும் முதலில் அவர் பெயரைச் சொல்லமாட்டேன். ஒருமுறை உக்கடத்தில் ஒரு டீக்கடையில் சொல்லிவிட்டு, “இந்தச் சேர்லதானுங்க உக்காருவாரு” என்று கடைக்காரர் காட்டிய நாற்காலியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, போன தீபாவளிக்கு வாங்கியதுபோல இருந்தது. அதிலிருந்து வீட்டைப் பற்றி மட்டும்தான் முதலில் கேட்பேன். தெரிந்தவர்கள் அவர்களாகவே அவரைப் பற்றிச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. போகிற வழியில், எழுத்தாளர் சில காலம் குடியிருந்த சிங்காநல்லூர் வீட்டை எட்டிப் பார்த்துவிடலாம் என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு மத்தியானமே கிளம்பினேன். அவள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். நான் பட்டுக்கரை வேட்டி. தெரியாத வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவள் வழியில் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டாள்.

அங்கே ஒரு பஞ்சு மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெருவின் முனையில் ஒரு பேக்கரி. காரை அங்கேயே நிறுத்திவிட்டு டீ சொன்னோம். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். எதிர் வரிசையில் நான் தேடி வந்த, பச்சை கேட் போட்ட வீட்டைக் காட்டி, சொந்த வீடா வாடகையா, எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், ஆட்கள் எப்படி என்று கேட்டேன். உள்ளே விடுவார்களா, முறைப்பார்களா என்பது எனக்குத் தெரியவேண்டும்.

“தங்கமான குடும்பமுங்க. சொந்த ஊடு. அவிய அய்யன் தவறிப் பல வருசம் ஆச்சுங்க. அம்மாவும் பொண்ணுந்தான். அம்மணி சரவணம்பட்டில ஐடி கம்பெனிக்குப் போகுது. ஒரு பேச்சு வந்ததில்லீங்க.”

நான் கேட்காததையெல்லாம் சொல்கிறாரே, பேச்சுப் பிரியர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் மனைவியின் சேலையைப் பார்த்தார். பழப் பையையும் பார்த்தார்.

“ஏனுங்க, ஒரு அரை மணி நேரம் கழிச்சுப் போங்க. இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்திருப்பாங்க” என்றார்.

சரி என்று குளத்தங்கரைக்குப் போனோம். எழுத்தாளர் சாயங்காலங்களில் நடந்ததாக எழுதிய கரை அது. இப்போது நடைபாதை போட்டு, கம்பி வேலி அடித்திருக்கிறார்கள். தண்ணீரில் பாதிக்கு ஆகாயத்தாமரை. நாரைகள் மட்டும் அவர் எழுதியபடியே நின்றன. மனைவி காலணிக்குள் மண் போவதாகச் சொன்னாள். திரும்பிவிட்டோம்.

பச்சை கேட் திறந்தே கிடந்தது. வாசலில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மாள் மடிப்புக் கலையாத சேலையில் வந்து, “வாங்க வாங்க” என்று உட்காரவைத்தார். சொம்பில் தண்ணீர் வந்தது. உள்ளே நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை. இத்தனை உபசாரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வாசகர்கள் வந்து வந்து பழகிய வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

கேசரித் தட்டை நீட்டியபடி அந்த அம்மாள் கேட்டார்: “பையனைக் கூட்டிட்டு வரலீங்களா?”

என் மனைவி சட்டென்று என்னைப் பார்த்தாள். பெண்ணை விசாரிக்க வந்தவர்கள் என்று எங்களை நினைத்துவிட்டார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து, பக்கத்துக் கடையில் குடும்பத்தைப் பற்றிக் கேட்பதுதான் இங்கே மாப்பிள்ளை வீட்டாரின் முறை. அந்த முறையைத்தான் ஒன்று விடாமல் நான் செய்திருக்கிறேன். பேக்கரிக்காரர் போன் செய்துவிட்டார்.

எங்களுக்குப் பிள்ளைகளே இல்லை. அதைச் சொல்லி, இந்த வீட்டு வடக்குப் பக்க அறையில் உட்கார்ந்து எழுதிய எழுத்தாளரையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

“அப்படி யாரும் இங்க இருந்ததா எங்களுக்குத் தெரியாதுங்க” என்றார். அவ்வளவுதான். கோபப்படவில்லை.

இதற்குள் மகள் வந்து நின்றாள். முப்பத்தைந்து இருக்கும். சேலையை அவசரமாகச் சுற்றியிருந்தாள். தோளில் பின் இன்னும் சரியாகக் குத்தவில்லை. பேசியதைக் கேட்டிருக்கவேண்டும். பின்னைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மனைவி எழுந்தாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உடனே போயிராதீங்க கண்ணு. போன தடவை வந்தவிய பத்து நிமிசத்துல எந்திரிச்சுப் போயிட்டாங்க. தெருவே பேசுச்சு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க.”

அதனால் இருந்தோம். கேசரி சாப்பிட்டோம், பிறகு காபி. மனைவியும் அந்த அம்மாளும் முழங்கால் வலிக்கு மருந்து பேசினார்கள். மகள் என்னை வடக்குப் பக்க அறைக்கு அழைத்துப் போனாள். “நீங்க பாக்க வந்தது இதுதானே சார்?” என்றாள். ஜன்னலுக்கு வெளியே மில்லின் சுவர். அவர் எழுதியிருப்பது அந்தச் சுவரைத்தான். உள்ளே அவளுடைய லேப்டாப், கொடியில் துண்டு. இந்த அறையைப் பார்க்க வருஷக்கணக்காக ஆசைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அது இன்னொருத்தர் படுக்கிற அறை, அவ்வளவுதான். எட்டிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“போட்டோ எடுத்துக்கங்க” என்றாள். வேண்டாம் என்றேன்.

கிளம்பும்போதுதான் அவள் விஷயத்தை எடுத்தாள். “பேக்கரிக்காரரு எப்படியும் கேப்பாரு. எங்களுக்குப் பிடிக்கலைன்னு நாங்க சொல்லிட்டதாச் சொல்லிருங்க.”

“அட, பொண்ணு ஊட்டுல அப்படிச் சொன்னா அப்புறம் யாரு வருவாங்க?” என்றார் அம்மா.

“இப்ப மட்டும் யாரும்மா வர்றாங்க?”

அம்மாள் எங்களோடு கேட் வரை வந்தார். எதிர் வீட்டு மாடியில் இருவர் துணி மடித்தபடியே எங்களைப் பார்த்தார்கள். “வாரோமுங்க” என்று என் மனைவி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

கார் பேக்கரிக்கு முன்னால் நின்றது. தப்பிக்க வழியில்லை. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“என்னங்க, புடிச்சுதுங்களா?”

பிடித்தது என்றால் நாளை முதல் அந்த அம்மாளிடம் தினமும் கேட்பார்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் தெரு பேசும். உண்மையைச் சொன்னாலோ, தெருவுக்குச் சிரிக்க ஒரு கதை கிடைத்துவிடும்.

“எங்களுக்கு ரொம்பப் புடிச்சுதுங்க” என்றாள் என் மனைவி. “அம்மணிக்குத்தான் எங்க பையன் ஒத்து வரலீங்களாம். வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க.”

நாற்பது வருஷம் இவளோடு வாழ்ந்திருக்கிறேன். இவளுக்கு இப்படிப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது.

கடைக்காரர் பச்சை கேட்டைத் திரும்பிப் பார்த்தார். “அம்மணியே வேண்டாம்னுச்சுங்களா?”

“ஆமாங்க.”

“பையன் என்னங்க பண்றாரு?”

“பெங்களூர்ல இன்ஜினியரா இருக்கான்” என்றாள், ஒரு நொடி தயங்காமல்.

“அப்புறம் என்னங்க கொறை?” என்று கேட்டுவிட்டு, எங்கள் மனம் நோகுமே என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மனசு விட்றாதீங்க. நம்ம பையனுக்கு வேற நல்ல எடமா அமையுமுங்க.”

நல்ல மனிதர்தான். ஆனால் வார்த்தைகள் யோசிக்காமலே அவர் வாயில் வந்தன. பச்சை கேட் வீட்டுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவை என்று கேட்டவுடனே தெரிந்தது.

காரில் ஏறியதும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “‘வேற நல்ல எடமா அமையும்’ங்கறதை எத்தனை தடவை கேட்டிருப்பா அந்தப் பொண்ணு?” என்றாள்.

இல்லாத பையனுக்காக ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். எனக்கே தாங்கவில்லை.