கடுகுச்செடிப் புழு

எங்கள் வீட்டில் புழுவைக்கூட நசுக்கக் கூடாது. சமணக் குடும்பம். செடியில் புழுவைக் கண்டால் அம்மா இலையோடு கிள்ளி வேலியோரம் விட்டுவிட்டு வருவாள். எங்களில் யார் கையாலாவது ஓர் உயிர் போய்விட்டால் அன்று முழுக்க நைனா பட்டினி கிடப்பார். பாவம் செய்தது நாங்கள், காய்வது அவர் வயிறு. இப்படியொரு தண்டனை எந்த வாத்தியாருக்கும் தோன்றியிருக்காது.

அந்தக் கார்த்திகையில் அம்மா கிள்ளிய புழுக்களில் ஆளுக்கொன்றை நானும் அக்காவும் வளர்க்க எடுத்துக்கொண்டோம். அக்காவுக்கு எலுமிச்சை மரத்துப் புழு. பச்சைப்பசேலென்று கொழுகொழுவென இருந்தது. எனக்குக் கடுகுச்செடியில் கிடைத்த நோஞ்சான் கருப்புப் புழு. மூத்தவளாய்ப் பிறந்தால் நல்லதெல்லாம் அவளுக்குத்தான். தொட்டியில் கடுகுச்செடியோடு அதை விட்டு, மேலே கொசுவலைத் துணியைக் கட்டினேன்.

ஒருநாள் ஆசையாகத் தொட்டேன். சுருண்டு மண்ணில் விழுந்தது. அசையவே இல்லை. மறுநாள் ஆளையே காணோம்.

"கொன்னுட்டியேடி! நைனாகிட்ட சொல்லட்டுமா?" என்றாள் அக்கா.

நைனா அப்போதுதான் டைபாய்டு காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். ஒரு வேளைகூடப் பட்டினி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கெஞ்சிக் கூத்தாடி அக்கா வாயை அடைத்தேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வழக்கம். அதன்பிறகு பெரியவர்கள் வாயில் எதுவும் வைக்கமாட்டார்கள். தினமும் மாலையில் அவர் இலைமுன் உட்காரும்போது எனக்குச் சோறு இறங்காது.

அக்காவின் புழு எல்லோரும் பார்க்கக் கூடாய்த் தொங்கி, ஒரு காலையில் பட்டாம்பூச்சியாய் விரிந்தது. கருப்புச் சிறகில் மஞ்சள் புள்ளிகள், அடியில் சிவப்புப் பொட்டு. தெருவே வந்து பார்த்தது. என் தொட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

பிறகொரு மாலை, என் கடுகு இலைமேல் ஈ அளவில் ஏதோ ஊர்ந்தது. ஆரஞ்சு உடம்பு, புகை படிந்த சிறகு. கட்டிய துணி கட்டியபடியே இருந்தது. அப்படியானால் என் புழு மண்ணுக்குள்தான் கூடு கட்டிக் கிடந்திருக்கிறது! ரம்பப்பூச்சி என்று பின்னாளில் படித்தேன். ரம்பம் போன்ற உறுப்பால் இலையைக் கீறி முட்டையிடுமாம். புழுவாய் இருக்கையில் தொட்டால் செத்ததுபோல் சுருளுமாம். கள்ளப்பயல்!

"நைனா, சாகல! என் புழு சாகல!" அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது.

சோற்றில் கை வைக்கப் போனவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் எழுந்துவிட்டார்.

"பொழுது எறங்குது, ரெண்டு வாய் போட்டுக்கினு போங்க," என்றாள் அம்மா.

"தோ வந்துட்டேன்."

தொட்டிமுன் குந்தியவர் எழுந்திருக்கவே இல்லை. பட்டாம்பூச்சியைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. "இத்தினி நாளா இதுக்கா பயந்துக்கினு இருந்த, கண்ணு?" என்று என் தலையைத் தடவினார். அதற்குள் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விட்டது.

அவர் சோறு அப்படியே மாட்டுக்குப் போயிற்று. சின்னப்பிள்ளை என்று எனக்கு மட்டும் விளக்கு வெளிச்சத்தில் அம்மா சோறு போட்டாள். நைனா எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பசிக்கலையா நைனா?"

"எனக்கு வயிறு நெறஞ்சிடுச்சி."

எப்போது சாப்பிட்டார் என்று யோசித்தபடியே, இன்னும் கொஞ்சம் மோர்ச்சோறு கேட்டேன்.