ஹாரன் கேட்காதாம்

எனக்கு வாய் நீளம். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். காது கேளாத, கண் தெரியாத, நடக்க முடியாத பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியையாக ஸ்கூட்டியில் பள்ளி பள்ளியாக அலைகிறவளுக்கு அந்த வாய் இல்லையென்றால் ஒரு காரியமும் நடக்காது. சண்டை போடாமல் நான் வாங்கிக் கொடுத்த சர்டிபிகேட் ஒன்றுகூடக் கிடையாது.

அன்று நான் கூட்டிக்கொண்டு போனது ஒரு பெண்ணை. பிறவியிலேயே காது கேட்காது. பிளஸ் டூ பாஸ் பண்ணி ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். தை பிறந்ததும் கல்யாணம் என்று அத்தை வீட்டில் நெருக்கினார்கள். வேலை கிடைத்தால் அது தள்ளிப்போகும் என்று எனக்கு எழுதிக் காட்டியிருந்தாள். அவள் அப்பா தான் வேலை பார்க்கும் இரும்பு ரோலிங் மில்லில் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தார்.

கும்மிடிப்பூண்டியில் கார் பாகம் செய்கிற கம்பெனி அது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பீஸைக் கையில் எடுத்துப் பிசிறு, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணும் கையும்தான் வேண்டும், காதுக்கு அங்கே என்ன வேலை?

ஹெச்.ஆர். தம்பி டை கட்டியிருந்தார். அவள் நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்திருக்க, என்னைப் பார்த்தே கேட்டார். "என்ன படிச்சிருக்காங்க? தனியா வருவாங்களா?" எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். அதில் தப்பு இருப்பதாக அப்போது தோன்றவே இல்லை.

"உள்ள சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடும் மேடம். இவங்களுக்கு ஹாரன் கேக்காது இல்ல? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"முதல்ல உள்ள காட்டுங்க சார்" என்றேன். அப்பாவை ஆபீசில் உட்காரவைத்துவிட்டுப் போனோம்.

வாசலில் இருந்த செக்யூரிட்டி எங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆரஞ்சு நிற இயர் பிளக் கொடுத்தார். கட்டாயமாம். காதில் அடைத்துக்கொண்டு நுழைந்தால் பிரஸ் மெஷின் அடிக்கிற அடியில் நெஞ்சு குலுங்குகிறது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. தம்பி வாயை வாயை அசைத்தார். நான் "இன்னா சார்?" என்று கத்தினேன். அது அவருக்குக் கேட்கவில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். காலி டப்பா வேண்டுமென்றால் காற்றில் சதுரம். டீ என்றால் உதட்டில் விரல். எங்கள் பெண் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். என் பின்னால் ஃபோர்க்லிஃப்ட். அது தரையில் அடிக்கிற நீல வெளிச்சத்தை அவள் முன்பே பார்த்துவிட்டாள். ஹாரன் அடித்தானோ என்னவோ, நான்தான் கேட்கவில்லையே.

ஆபீசுக்குத் திரும்பியதும் வெடித்துவிட்டேன். "ஏன் சார், உள்ள கீற எவனுக்கு ஹாரன் கேக்குது? அத்தன பேர் காதையும் நீங்களே அடைச்சு வுட்டுட்டு, கேக்காதுன்னு இவளைத் தள்றீங்களே, இது இன்னா நியாயம்?"

"நார்மல் பீப்பிள் வேற மேடம்."

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். அதற்குள் அவரே இறங்கி வந்தார். "சரி, எடுத்துக்கறோம். அப்பா ஒரு கையெழுத்து போடணும்." ஒரு தாளை நீட்டினார். மகளுக்கு உள்ளே என்ன ஆனாலும் கம்பெனி பொறுப்பில்லை, எதுவும் கேட்க மாட்டோம் என்று அச்சடித்திருந்தது.

"இன்னாம்மா சொல்றாரு?" என்றார் அப்பா. தம்பி எழுந்து வந்து அவர் காதருகே கத்தினார். பிறகு என்னிடம், "இவருக்கும் கேக்காதா?"

எதைக் கேட்கிறார் என்று புரிந்து அப்பாவே பதில் சொன்னார், வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு. "மில்லுல போச்சு சார். இருவது வருசமா இரும்பு சத்தம். வேலைக்குச் சேந்தப்ப எங்கப்பன்கிட்ட எவனும் கையெழுத்து கேக்கல." சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை கத்து கத்தின நான், "போட்டுடுங்கண்ணா, உள்ள போய்ட்டா அப்பால பாத்துக்கலாம்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தாளை அவளுக்கு யாருமே காட்டவில்லை. அப்பா பேனாவை வைப்பதற்குள் அவளே இழுத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். கீழே எழுதி, என் பக்கம் திரும்பாமல் அந்தத் தம்பி முன்னால் தள்ளினாள். யார் பேச்சையும் கேட்டு வளராதவள், அவளுக்குப் புத்தகத் தமிழ்தான் வரும்.

"உள்ளே எல்லாரும் காதை அடைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் என் அப்பாவும் போடுவார்."

தம்பி தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. அரைமணி கழித்து செக்யூரிட்டி வந்தார். "சார் மீட்டிங்ல கீறாரு. போன் பண்ணுவாராம்."

எந்தப் போனும் வரவில்லை. நான் நாலு தடவை கூப்பிட்ட பிறகு, "பொசிஷன் ஃபில் ஆயிடுச்சு மேடம்." ஃபில் ஆயிடுச்சாம்! புதுவாயல் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கம்பெனி பெயர் போட்டு அதே வேலைக்கு ஆள் தேவை என்று தட்டி தொங்குகிறது.

அத்தை வீட்டில் மறுபடி கேட்டார்களாம். "தை போனா மாசி வராதா, பொண்ணு சொல்லட்டும்" என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்.

நேற்று அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. அந்தப் பேனாவை நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டிருப்பாளோ என்று பயந்துகொண்டே திறந்தேன்.

"மிஸ், கவரைப்பேட்டையில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது. நாளை காலை வண்டியில் அழைத்துப் போங்கள். நீங்கள் வாசலுக்கு வெளியே இருங்கள். உள்ளே நான் பேசிக்கொள்கிறேன்."