வளையல் கழற்றிய கை

மின்வெட்டு வந்த வருசம் மாத்தளை டவுனில் எங்கள் கடைக்கு ஓயாத வேலை. லொறி பெட்டரிகளை சார்ஜ் பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், கடைகளுக்கு இன்வெர்ட்டர் பூட்டத் தொடங்கினார். பெட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி அது. எல்கடுவ தோட்டத்திலிருந்து கலியாணம் முடித்து வந்த நான், அவர் பக்கத்தில் நின்றே வேலையைப் படித்துக்கொண்டேன்.

பெட்டரியின் இரண்டு முனைகளிலும் ஒரு வளையல் சேர்ந்து பட்டால் போதும், பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். அதனால் வேலைக்கு முன் வளையல்களைக் கழற்றிவிடுவேன். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டு, தாலியை உள்ளே விட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டுவேன்.

"புருசன் இருக்கையில மொட்டைக் கையோட நிக்கிறியே?" என்றார் மாமியார்.

"கை இருந்தாத்தானே அத்தை வளையல் போடலாம்?"

இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்றாம் நாள், வளையல்களைப் போட்டு வைக்க ஒரு துணிப்பை தைத்துத் தந்தார்.

ஒருநாள் மார்க்கெட் பக்கத்துப் பாமசியில் இன்வெர்ட்டர் பூட்ட வேண்டியிருந்தது. அந்த மருந்துக்கடை ஃபிரிஜ்ஜில் இன்சுலின் இருந்தது. சாமான் வாங்கக் கண்டிக்குப் போன வீட்டுக்காரரை ஆமி செக்பொயின்டில் மறித்து வைத்திருப்பதாக, தெரிந்தவர் ஒருவர் போனில் கோல் எடுத்துச் சொன்னார். அவர் வரும்வரை இன்சுலின் தாங்காது. ஸ்பேனரும் குறடும் போட்ட ஆயுதப் பையைத் தூக்கிக்கொண்டு பாமசிக்கு நடந்தேன்.

பாமசி முதலாளியான முஸ்லிம் நானா, பெட்டரி வைக்க மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையைக் காட்டினார். உள்ளே பஞ்சுப் பெட்டிகளும் ஸ்பிரிட் போத்தல்களும்.

"இங்க வைக்க மாட்டேன் நானா. சார்ஜ் ஏறுறப்போ பெட்டரியில இருந்து காஸ் வரும். ஒரு பொறி போதும், பத்திக்கும்."

"உங்க வீட்டுக்காரர் வரட்டும், அவர்கிட்ட பேசுறேன்."

"அவரு வந்தாலும் இதையேதான் சொல்லுவாரு. பின் விறாந்தையைத் தாங்க, இப்பவே பூட்டுறேன்."

நானா விறாந்தைக் கதவைத் திறந்தார். காற்றோட்டமான மூலையில் மரப்பலகை போட்டுப் பெட்டரிகளை வைத்தேன். பெட்டரியை ஒட்டியே பியூஸ் போட்டேன். பக்கத்தில் ஒரு வாளி மணல்.

பின்னேரம் வீட்டுக்காரர் நல்லபடியாக வந்து சேர்ந்தார். மறுநாள் பாமசிக்குப் போய் ஒவ்வொரு வயர் இணைப்பையும் தொட்டுப் பார்த்தார். எந்த இடத்திலும் மறுபடி இறுக்க ஸ்பேனர் வைக்கவில்லை.

சில மாதம் கழித்து, பாமசியில் மருந்து அடுக்கும் இரும்பு ராக்கையை நகர்த்தியவர்கள் அதன் காலைப் பெட்டரியின் இரண்டு வயர்களின் மேலும் ஏற்றிவிட்டார்கள். இரண்டின் தோலும் கிழிந்து இரும்பில் பட்ட கணமே பியூஸ் எரிந்து கரண்டை நிறுத்திவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது, ராக்கையின் காலில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருந்தது.

"அல்லாஹ் காப்பாத்தினான். அந்தப் பொறி ஸ்பிரிட் அறையில பறந்திருந்தா கடையே போயிருக்கும். நீங்க சொன்னதைக் கேட்டது நல்லதாப் போச்சு, தங்கச்சி" என்றார் நானா. பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் பல்லேபொலவிலிருந்து ஒரு நெல் ஆலைக்காரர் எங்கள் கடைக்கு வந்தார். முன்னால் இருந்த வீட்டுக்காரரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, பெட்டரிக்கு இடம் சொல்லும் அம்மா நீங்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான்" என்றேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, நான் உட்காரக் கதிரையை என் பக்கம் தள்ளினார்.