மஞ்சள் தாள் வாங்கியவள்

பட்டுக்கோட்டையிலிருந்து தினமும் பேருந்தில் எங்கள் கடலோர ஊருக்கு வரும் மெஹராஜ் பேகம், நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எல்லாருக்கும் ஒரே அளவில் மருந்து கொடுக்க முடியாது என்பது நர்ஸாக இருந்த எனக்குத் தெரியும். கணக்கும் அப்படித்தான் என்பது அவருக்குத் தெரியும். ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கை மூன்று விதமாக எழுதித் தந்தார். எளியதை மஞ்சள் தாளில் கொடுத்ததுதான் தவறு.

மஞ்சள் தாள் வாங்கிய மோகனப்பிரியா மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. டீச்சர் அவள் வீட்டுக்கே போனார்.

"மக்குத் தாளுன்னு சிரிக்கிறாங்க டீச்சர். நான் வரல."

"கலர் போட்டது என் தப்பு. நாளையிலேர்ந்து எல்லாம் வெள்ளை. எது வேணுமோ நீயே எடுத்துக்க."

வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அவள் அப்பா வீரமணி, "கஷ்டமானத எடுத்துட்டு முழிக்கப் போறா, பாருங்க" என்றார்.

மறுநாள் அவள் கடினமானதையே எடுத்தாள். பிடித்த மீனில் பாதி படகுக்கு, மீதி ஆறு பேருக்குச் சமமாக. ஒருவர் பங்கு எவ்வளவு? ஆறில் ஒன்று என்று எழுதினாள்.

"ஆறு பேரே மொத்த மீனையும் தூக்கிட்டுப் போயிட்டா, படகுக்காரருக்கு என்னம்மா குடுப்ப?" என்றார் டீச்சர்.

சிரித்தபடி அழித்துவிட்டு, பன்னிரண்டில் ஒன்று என்று எழுதினாள். அதன்பிறகு ஒரு நாளும் அவள் விடுப்பு எடுக்கவில்லை. தாளை மட்டும் அன்றன்றைய தெம்பைப் பார்த்து எடுக்கிறாள்.