மாணிக்கம் அண்ணனுக்கு வைத்த படையல்

அன்று காலை மையத்துக்குள் நுழைந்ததும் முதலில் டீ போட்டேன். லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் குடிமீட்பு மையத்தில் அது மாணிக்கம் அண்ணனின் வேலை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் என் கைக்கு வந்திருந்தது. பால் பொங்கும்போது அவருடைய தம்பி போன் செய்தார். "அண்ணன் போயிட்டாரும்மா." குடியை விட்டுப் பல வருடங்கள் ஆகியும் அவருடைய ஈரல் அதை மறக்கவில்லை.

சிகிச்சைக்கு வந்து அவரிடம் டீ வாங்கிக் குடித்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மில் தொழிலாளியாக இருந்தவர். மில் கேட்டுக்கு எதிரிலேயே சாராயக்கடை. "எங்கப்பா காலத்துல மொதலாளி வெள்ளக்காரன், அப்புறம் நம்மாளு. எதிர்க்கட மட்டும் மாறல" என்பார். பிறகு மில்லும் மூடியது. கடை இருக்கிறது.

ஒருமுறை, சிகிச்சை முடிந்து போன ஒருவர் மூன்றாவது தடவையாகத் தள்ளாடி வந்தார். கனகசெட்டிக்குளத்தில் ஒரு சாவுக்குப் போய், பாடை தூக்கியவர்களோடு குடித்திருந்தார். நான் கோபமாகப் பேசினேன். அண்ணன் டீயை நீட்டினார். "வாய்யா மாப்ள, ஒன் டம்ளர இன்னும் கழுவக்கூட இல்ல, அதுக்குள்ள வந்துட்ட!" வந்தவரே சிரித்துவிட்டார். பிறகு அண்ணன் என்னிடம் தனியாக, "மூணாவது தடவ வர்றவனுக்கும் மொத தடவ மாதிரியே குடும்மா. மூஞ்சியப் பாத்துக் குடு" என்றார்.

அவருடைய கவலையெல்லாம் மகன் வேலுவைப் பற்றித்தான். எங்களிடம் சிகிச்சை எடுத்து, சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தான். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அண்ணன் சொன்னார்: "எனக்குப் படையல் போட்டா டீ வைக்கச் சொல்லும்மா. வேற எதுவும் வேணாம். படையல வேலுதான எடுக்கணும்." அதைத் தம்பியிடம் சொன்னேன்.

காரியத்தன்று படத்தின் முன்னால் டீ இருந்தது. பக்கத்தில் பிராந்தியும் இருந்தது.

"ஏங்க இது?" என்று தம்பியைக் கேட்டேன்.

"மில்லுல இருந்தப்போ அண்ணனுக்கு இதுதாம்மா உசுரு. ஆசையோட போவக்கூடாதுல்ல?" அவர் கண் கலங்கியிருந்தது. அன்பினால்தான் வைத்திருந்தார்.

மகன் தொடாவிட்டால் படையல் அப்பாவுக்குப் போய்ச் சேராது என்றார்கள் உறவினர்கள். "ஒரு வாய்தான்டா, அப்பாவுக்காவ." வேலு என்னைப் பார்த்தான். நான் வாய் திறப்பதற்குள் குடித்துவிட்டான்.

இன்று காலை அவன் மையத்து வாசலில் நின்றான். சட்டையெல்லாம் மண். டீ கொடுத்தேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் டம்ளரை நீட்டியபோது என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடிந்தவர் யாராவது அந்த அடுப்பருகே நிற்கட்டும். இந்த மாதத்தோடு நான் விலகுகிறேன். வீட்டிலும் மையத்திலும் இன்னும் சொல்லவில்லை; உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.