எந்த ஊர்ப் பனி?

உலகத்தில் எந்த மூலையில் மழை பெய்தாலும் பழ வியாபாரிக்குச் சளி பிடிக்கும். நாசிக்கில் பெய்தால் திராட்சை போச்சு, சேலத்தில் காற்றடித்தால் மாம்பழம் போச்சு. பழம், பூ, காய்கறி என்று அழுகுகிற சரக்கை நம்பிப் பிழைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலுக்கு ஜன்னல் கொய்யா விற்று, தள்ளுவண்டி போட்டு, அப்புறம் பழமண்டி வைத்தவன். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. கோபம் மட்டும் எம்.ஏ. வரைக்கும் படித்திருக்கிறது என்பாள் என் மனைவி.

காஷ்மீர் ஆப்பிளை அதுவரை கமிஷன் மண்டியில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் எதற்கு ஒருத்தன் என்று ஒரு வருஷம் ரஞ்சன்குடி செல்வராசுவின் லாரியில் ஏறி நானே கிளம்பிவிட்டேன். அதுவும் ஐப்பசிக் கடைசியில். பறிப்பு முடிகிற நேரத்தில் போனால் விலை இறங்கிக் கிடக்கும் என்று ஒரு நினைப்பு.

எல்லாரும் பாய்

ஸ்ரீநகருக்குத் தெற்கே ஒரு கிராமம். ஆப்பிள் கொல்லைக்காரர் பெயர் ரசூல். நெடுநெடு என்று உயரம், கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை தொங்குகிற கம்பளி அங்கி. முக்கால்வாசி மரங்களில் பறித்து முடித்து, சரக்கும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. ஓடைக்கரையை ஒட்டின மரங்களில் மட்டும்தான் பழம் மிச்சம். பங்குனி வரைக்கும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற குளிர்காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பழம்தான் சோறு. இதை அவர் ஒளிக்காமல் சொன்னார். வியாபாரியிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

எனக்கு இந்தி தெரியாது. செல்வராசு பஞ்சர் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் பொறுக்கின இந்தியை வைத்து இரண்டு பக்கமும் பேசினார். நம் ஊர் வழக்கப்படி நான் ரசூலைப் "பாய்" என்றேன். அவர் என்னையும் பாய் என்றார். செல்வராசுவையும் பாய் என்றார். டீ கொண்டு வந்தவரும் என்னைப் பாய் என்றார். என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது இவர்களுக்கு என்று கேட்டேன். செல்வராசு சொன்னார்: "பாய்னா இங்க அண்ணந்தம்பின்னு அர்த்தம்ணே. வெலை பேசுற வரைக்கும் எல்லாரும் அண்ணந்தம்பிதான்."

கை வைக்க முடியாத விலை

ரசூல் ஒரு விலை சொன்னார், கை வைக்க முடியாத விலை என்றேன். எனக்கு வாயால் விலை பேசிப் பழக்கமில்லை. மாட்டுச் சந்தை மாதிரி துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசினால்தான் விலை படியும். பாஷையும் வேண்டாம், நடுவில் ஆளும் வேண்டாம். துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன். பார்த்தால் ரசூலுக்குக் கையையே காணோம். அங்கியின் இரண்டு கையும் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. சரி, இவர்கள் ஊரில் அங்கிக்குள்ளேயே பேரம் போலிருக்கிறது என்று நினைத்து, தொங்குகிற ஒரு கைக்குள் என் கையை விட்டு விரலைத் தேடினேன்.

விரல் அகப்படவில்லை. நெருப்புச் சட்டி அகப்பட்டது. குளிருக்காகப் பிரம்புக் கூடையில் வைத்த கரிச்சட்டியை அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்வார்களாம். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். ரசூல் என் விரலில் என்னமோ எண்ணெய் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார். செல்வராசு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "கை வைக்க முடியாத வெலைன்னு நீங்க சொன்னதை நான் அவருகிட்ட சொல்லியிருந்தேன். இப்ப கை வெச்சே பாத்துட்டாரான்னு கேக்குறாருண்ணே."

பனிக்குப் பயந்தவர்

மறுநாள் காலையில் மழை. ராத்திரியிலிருந்தே விடாமல் பெய்துகொண்டிருந்தது. ரசூல் வானத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மடமடவென்று பேசினார். அவர் வாயில் திரும்பத் திரும்ப "பரஃப், பரஃப்" என்று ஒரு வார்த்தை வந்தது. "பனி வருதாம்ணே, இந்த வருஷம் சீக்கிரமே வருதாம். இன்னைக்கே பறிச்சுடணுமாம். வெலைய முடிச்சுக்கலாம்ங்கிறாரு" என்றார் செல்வராசு. விலை முடிந்தால்தான் வாங்குகிறவன் பெட்டி இறக்குவான், பறிக்க ஆள் விடுவான். அதுதான் அங்கே வழக்கம்.

எனக்கு இது பேரத் தந்திரமாகத்தான் பட்டது. எத்தனை பேர் எத்தனை சாக்குச் சொல்லி என் தலையில் சரக்கைக் கட்டப் பார்த்திருக்கிறார்கள்! "பனிக்கெல்லாம் பயந்தா யாவாரம் ஆவுமா? எங்க ஊர்லயுந்தான் மார்கழி முழுக்கப் பனி கொட்டுது. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நாங்க வேலைக்குப் போவலையா? நாளைக்குப் பேசிக்கலாம்னு சொல்லு" என்று சத்தம் போட்டேன். ஒரு நாள் காயப்போட்டால் தானாக இறங்கி வருவார் என்பது என் எண்ணம். செல்வராசு அப்படியே சொன்னார். ரசூல் என்னைப் பார்த்தார். பார்வையில் அப்படி ஓர் இரக்கம். "இவங்க ஊர்ல அவ்ளோ பனி பேயுதா, பாவம், வூட்டுக் கூரையெல்லாம் தாங்குதான்னு கேக்குறாருண்ணே."

சத்தமில்லாமல் வந்தது

மத்தியானம் மழைச் சத்தம் நின்றது. விட்டுவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். விடவில்லை. சத்தம் மட்டும்தான் நின்றிருக்கிறது. பஞ்சு மில்லில் பறக்கிற மாதிரி வானம் முழுக்க வெள்ளையாகப் பறந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஆலங்கட்டி மாதிரி தட தடவென்று விழும் என்று நினைத்திருந்தவன். வெளியே போய்க் கையை நீட்டினேன். உட்கார்ந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீராகிவிட்டது. நாக்கில் வைத்தேன், ருசியே இல்லை. ஒரு பிடி அள்ளித் தூக்கிப் பார்த்தேன், எடையே இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி அரை மணி நேரம் இதே வேலை.

அப்புறம் கொல்லைக்குள் படீர் என்று ஒரு சத்தம். என் தொடை கனத்துக் கிளை ஒன்று பழத்தோடு பிளந்து கிடந்தது. எடையே இல்லாதது எப்படிக் கிளையை ஒடிக்கும் என்று செல்வராசுவை விட்டு ரசூலைக் கேட்டேன். வழக்கமாக இலை உதிர்ந்த பிறகுதான் இது பெய்யுமாம். மொட்டை மரத்தில் நிற்காமல் வழிந்துவிடுமாம். சீக்கிரம் வந்துவிட்டால் இலைக்கு இலை உட்கார்ந்து மரத்தையே அமுக்கிவிடுமாம். கேட்டதும் எனக்கு நெருப்புச் சட்டியைத் தொட்டதைவிட அதிகமாகச் சுட்டது. வழக்கம்போல் பழியைச் செல்வராசு மேல் போட்டேன்: இதைப் போய்ப் பனி என்று சொன்னாயே! அவர் அசரவில்லை. "பரஃபுன்னா பனிதாண்ணே, ஐஸுன்னும் சொல்லலாம். ஐஸ் பேயப்போவுதுன்னு சொல்லியிருந்தா நீங்க என்னையத்தான் அடிக்க வந்திருப்பீங்க."

புளி உலுக்கின கை

வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் நீளக் கழிகளோடு கொல்லைக்குள் ஓடினார்கள். நானும் ஓடினேன். ரோட்டோரப் புளியமரத்தை உலுக்கின அனுபவம் எனக்கு உண்டு. ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன். கிளையிலிருந்த வெள்ளை மொத்தமும் என் தலையில் விழுந்தது. கூடவே ஒரு கூடைப் பழமும் விழுந்தது. கழியைக் கிளைக்கு அடியில் கொடுத்து, தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி மெல்ல மெல்லத் தட்டவேண்டுமாம். அப்புறம் அப்படித்தான் தட்டினேன். இருட்டுகிற வரைக்கும் தட்டினேன். தட்டிவிட்டுத் திரும்பினால் முதல் மரத்தில் மறுபடி உட்கார்ந்திருந்தது. நான் உலுக்கினதைப் பார்த்த ரசூலின் மனைவி மட்டும் செல்வராசுவிடம் சொல்லி அனுப்பினார்: "அவரை மரத்தை வுட்டுட்டு எங்க வூட்டுக் கூரைய உலுக்கச் சொல்லுங்க. அதுல பழம் இல்ல."

ஏறுமுகப் பேரம்

விடிந்தபோது பனி மறுபடி மழையாகியிருந்தது. பெய்ததெல்லாம் கரைந்து ஓடைக்கு வந்து, ஓடை கரையைத் தாண்டிக் கொல்லைக்குள் ஏறிவிட்டது. கலங்கல் தண்ணீரில் சிவப்புச் சிவப்பாக ஆப்பிள் மிதந்து போயிற்று. கீழ்த்தெருப் பெண்கள் கூடையால் அள்ளி அள்ளி ரசூல் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள், ஒரு பழம் எடுத்துக்கொள்ளாமல். பழம் மிச்சமிருந்த மரங்களில் பாதிக்கு மேல் பிளந்திருந்தன. ஒரு மரம் அந்த அளவுக்கு வளரப் பதினைந்து வருஷம்.

ரசூல் என்னிடம் வந்து, பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் வியாபாரப் புத்திக்கு அதுதான் சரியான சமயம். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம்! "எவன்யா உன்னைய வெலையக் கொறைக்கச் சொன்னது?" என்று கத்தினேன். இந்தத் தடவை நெருப்புச் சட்டியை இறக்கி வைக்கச் சொல்லி, விரல் கணக்கையும் செல்வராசுவை விட்டு விளக்கிவிட்டு, துண்டைப் போட்டு அவர் கையைப் பிடித்தேன். அவர் மூன்று விரல் கொடுத்தார், நான் ஐந்தாகப் பிடித்தேன். அவர் உருவிக்கொண்டு நான்கு கொடுத்தார், நான் விடாமல் ஐந்தையும் இறுக்கினேன். அவர் முதலில் கேட்ட விலையிலேயே முடிந்தது, நனைந்த பழத்துக்கும் சேர்த்து. ஒடிந்த மரத்துக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? கையை விடாமலே ரசூல் மெதுவாகச் சொன்னதைச் செல்வராசு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கோவம் நேத்துக் காலையிலயே வந்திருக்கக் கூடாதா பாய்னு கேக்குறாருண்ணே."

மலையிடம் சத்தம்

திரும்பும்போது மலை சரிந்து ரோடு அடைபட்டது. லாரிக்குப் பின்னால் லாரி, கண்ணுக்கெட்டின தூரம் ஆப்பிள் வாசனை. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். நனைந்த பழத்தின் வாசனை மெல்லப் புளிப்பு வாசனையாக மாறிக்கொண்டு வந்தது. நான் ரோட்டில் நின்ற போலீஸ்காரரிடம் போய்த் தமிழிலேயே ஒரு பாட்டம் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். லாரிக்குத் திரும்பினேன். செல்வராசு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "சரிஞ்சது அந்த மலைண்ணே. அதுக்கிட்ட போயி சத்தம் போடுங்க."

அரியலூர்ப் பனி

ஒரு வழியாகக் கார்த்திகையில் அரியலூர் வந்து சேர்ந்தோம். முதல் பெட்டிகள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழக்கடை வைத்திருக்கிற ராணியம்மாவுக்கு. தினம் போன் போட்டு என்னை வறுத்தெடுத்தவர். பெட்டியைத் திறந்தார், பழத்தை முகர்ந்தார், என்னை முறைத்தார். தாமதத்துக்குக் காரணம் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "அங்க பனிம்மா" என்றேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "பனியாம் பனி! எங்க ஊர்லயுந்தான் விடியக்காலம் எதிராளு தெரியாம கொட்டுது. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நான் கடை தொறக்கலையா?"

லாரி மேலிருந்து செல்வராசு இருமினார், நான் அடுத்த பெட்டியை இறக்கப் போனேன். அதிலிருந்து யார் பனி என்று சொன்னாலும், எந்த ஊர்ப் பனி என்று கேட்டுவிட்டுத்தான் துண்டைத் தோளிலிருந்து எடுக்கிறேன்.