பிரேசிலில் ஒரு கீழ்வேளூர்

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்ற செய்தி, எங்கள் பழைய அலுவலக வாட்ஸாப் குழுவில், யாரோ ஒருவருடைய மகனுக்கான பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே வந்து விழுந்தது. அவசரத்தில் ஒருவர் அதற்கும் கேக் படம் போட்டுவிட்டு, அழித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, பிறகு மன்னிப்பையும் அழித்தார். அபுதாபியில் காரை ஓரமாக நிறுத்தி அதைப் படித்த நான், அழுவதற்கு முன்னால் ஒருமுறை சிரித்துவிட்டேன். அக்காவோடு வேலை பார்த்தவர்கள் என்னைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வெளிநாட்டு வேலைகள் கம்ப்யூட்டர் வழியாக நம் ஊர்களுக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. நன்னிலத்துக்காரரான பாஸ்கரன் சார் அமெரிக்காவிலிருந்து திரும்பி, தஞ்சாவூரில் ஓர் உரக்கடையின் மாடியில் வரைபட அலுவலகம் தொடங்கியிருந்தார். யூரியா வாசனையில் உட்கார்ந்து நாங்கள் பிரேசிலின் மழைக்காட்டை வரைந்தோம். விமானத்திலிருந்து எடுத்த படங்களைத் திரையில் வைத்து, இது ஆறு, இது சாலை, இது காடு, இது காட்டை அழித்த மேய்ச்சல் நிலம் என்று மவுஸால் கோடு இழுக்க வேண்டும். இழுத்த கோட்டையெல்லாம் சரிபார்ப்பவர் எஸ்தர் அக்கா. கீழ்வேளூர் லுத்தரன் குடும்பம், புவியியலில் எம்.ஏ., கேட்டால் தெருமுனையில் இருப்பவரும் திரும்பிப் பார்க்கிற குரல்.

ஒருநாள் நான் மேகத்தின் நிழலை ஏரி என்று வரைந்துவிட்டேன். அக்கா அலுவலகத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "செல்வம், மேகத்துக்குக் கரை கட்டியிருக்கீங்க. நாளைக்கு அது நகர்ந்துட்டா ஏரிய எங்க போய்த் தேடுறது?" அவரும் தவறாதவர் அல்லர். காட்டுக்குள் இருந்த விமான ஓடுதளத்தை வாய்க்கால் என்று சாதித்து, அதற்கு மதகு எங்கே என்று காலை முழுக்கத் தேடியவர்தான்.

அந்த வட்டத்தை முதலில் பார்த்தது அக்காதான். காட்டை வெட்டிய ஒரு மாட்டுப் பண்ணையின் நடுவே, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு சதுரம். இரண்டையும் இணைத்து நேரான பாதை. "இது மண்ணை வெட்டி எடுத்த பள்ளம். தானா வந்தது இல்ல" என்றார். எங்களிடமிருந்த நில வகைப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

"மேய்ச்சல் நிலம்னு போட்டுடுங்கக்கா" என்றார் பாஸ்கரன் சார்.

"மாடு வட்டமா மேயுமா சார்?"

"முளையடிச்சுக் கட்டிப் போட்டா மேயும்."

அக்கா மவுஸைப் பக்கத்துச் சதுரத்தின் மேல் வைத்தார். "சரி, சதுரமா?"

சார் சுவரிலிருந்த நாள்காட்டியைக் காட்டினார். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பண்ணை வழியாகச் சாலை போடத்தான் எங்களுக்கு வேலை கொடுத்த வெளிநாட்டு நிறுவனம் வரைபடமே கேட்டிருந்தது. வேலை தாமதமானால் ஒப்பந்தம் போகும். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சார் குரலைத் தாழ்த்தி, "யாரும் பாக்கப்போறதில்லக்கா" என்றார். அவர் சொன்னதிலேயே அக்காவுக்குப் பிடிக்காமல் போனது அந்த வாக்கியம்தான். "நான் பாத்துட்டேனே சார்" என்றார்.

'மற்றவை' என்ற வகையில் அதைச் சேர்க்க முயன்றார். பெயர் இல்லாமல் மென்பொருள் ஏற்க மறுத்தது. அப்போதைக்கு இருக்கட்டும் என்று கீழ்வேளூர் என ஆங்கிலத்தில் தட்டினார். பிறகு மறந்துபோனார். சரிபார்ப்பவரின் வேலையைச் சரிபார்க்க எங்களிடம் ஆள் இல்லை.

சில வாரங்கள் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார் சார். கீழ்வேளூர் பற்றித் தெரிய வேண்டும், அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார் ஒரு வெள்ளைக்காரர். தன் சொந்த ஊரைப் பற்றி அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்த அக்கா, மகிழ்ச்சியோடு ஆங்கிலத்தில் விவரித்தார். நிறைய ஆட்கள். தாலுகா அலுவலகம் உண்டு. ரயில் நிற்கும். நாகப்பட்டினத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு.

எதிர்முனையில் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, "ரயிலா?" என்றது குரல்.

சாலை போகவிருந்த இடத்தில் ஒரு தாலுகா இருக்கிறது என்று அவர்கள் அரண்டுபோய் நேரில் ஆள் அனுப்பினார்கள். ரயில் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் நின்றால் தலை தெரியாத ஆழத்துக்கு வட்டப் பள்ளமும், உள்ளே பானை ஓடுகளும் இருந்தன. அடுத்து பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்தார்கள். ஐரோப்பியர் கால் வைப்பதற்கு மிக முன்பே அந்தக் காட்டு மக்கள் வெட்டியது அது என்றார்கள். சாலை ஒதுங்கிப் போனது. எங்கள் ஒப்பந்தமும் ஒதுங்கிப் போனது. பிழையான பெயருக்காக அடுத்த வேலையை அவர்கள் தரவில்லை. பாஸ்கரன் சார் அலைந்து திரிந்து நகரச் சாக்கடைகளை வரையும் வேலையைப் பிடித்து வந்தார். கோபத்தில் கொஞ்ச காலம் சிலர் அக்காவிடம் பேசவில்லை. அவர்களிடமும் அவர் போய், "சாக்கடையாவது நேரில போய்ப் பாத்துக்கலாமே" என்றார்.

அந்த வட்டப் பள்ளம் குளம்தான் என்று திருச்சபை மாதர் சங்கம் வரை பேசித் திரிந்தார் அக்கா. பல்கலைக்கழகத்து அம்மையார் ஒருவர் மின்னஞ்சலில் மறுத்தார்: தண்ணீர் தேங்கிய அடையாளம் இல்லை, நிரந்தரமாகக் குடியிருந்த தடயமும் குறைவு, அவ்வப்போது மக்கள் கூடிக் கலைந்த இடமாக இருக்கலாம். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது தானாகவே சொன்னார்: "கூடிக் கலையறதுக்கா அவ்வளவு மண்ண வெட்டினாங்க! நம்ம சங்கத்துல நாற்காலி எடுத்துப் போடவே ஆள் வரமாட்டேங்குது." சிரித்து முடித்ததும் அவர் குரல் இறங்கியது. "அவங்க அந்த இடத்த என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களோ, தெரியல. அதுமேல என் ஊர் பேர ஒட்ட எனக்கு என்ன உரிமை?" அன்றே அந்த அம்மையாருக்கு எழுதிப் பெயரை எடுக்க வைத்தார். அவர்கள் பண்ணைக்காரரின் பெயரை வைத்தார்கள். "அதுக்கு எங்க ஊரே தேவலாம்" என்று அதற்கும் ஒரு மாதம் சண்டை போட்டார்.

பிறகு நாங்கள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனோம். நான் இங்கே அபுதாபியிலும் வரைபட வேலைதான் பார்க்கிறேன். அக்கா மறைந்த வாரம், பாலைவனப் படமொன்றில் சின்னச் சின்னக் கற்கள் நேர்கோட்டில் தெரிந்தன. 'காலி நிலம்' என்று போட்டால் வேலை முடிந்தது. விரல் போகவில்லை. வெள்ளிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். தொழிலாளர் முகாம்களிலிருந்து வந்தவர்கள் கல்லடுக்கி எல்லை கட்டி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து பொறுக்க வந்தவர் குடவாசல்காரர். "என்ன சார், இடத்த அளக்க வந்தீங்களா? எங்களக் காலி பண்ணச் சொல்லுவாங்களா?" என்று பயந்தார்.

"இல்லீங்க. இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்" என்றேன்.

அலுவலகம் திரும்பி, அதை விளையாட்டு மைதானம் என்று பதிந்தேன். எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்த ஒரு நாள் பயணத்துக்கு என்னைக் கிளப்பிய பிடிவாதம்தான்.